மிக்கேல்தாஸ் கட்டாத நட்சத்திரம்

மிக்கேல்தாசுக்கு அறுபது வயது. வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆடி மாதம் அவருடைய மனைவி அமலோற்பவம் நுரையீரல் நோயில் இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், கோவிலில் வேதம் சொல்லித் தரும் உபதேசியார் ரெஜினாளிடம் போய், தன்னையும் அந்த வேலைக்குப் பழக்கச் சொல்லிக் கேட்டார்.

ரெஜினாள் அவரைவிடப் பத்தொன்பது வயது இளையவள். சிவகங்கைப் பக்கத்துக்காரி. மலைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இந்த வயதில் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. காலையில் வரச் சொன்னாள்.

அவர் பிடிவாதமாகப் படித்தார். டிசம்பர் பிறந்து கோவிலை அலங்கரிக்கத் தொடங்கியபோது, கையில் எடுத்த ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்டார். வட்டமாக வளைத்துக் கட்டிய சைப்ரஸ் இலைக்குத் தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை, கடவுளின் அன்பு போல. பனியிலும் வாடாத பச்சை, சாவைத் தாண்டிய உயிர். முள் இலை, இயேசுவின் தலையில் வைத்த முள்முடி. அதன் நடுவே சிவந்த பழம், அவர் சிந்திய ரத்தம். வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் மெழுகுவர்த்தி, வந்துகொண்டிருக்கும் வெளிச்சம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, தப்பில்லாமல் ஒப்பித்தார்.

நட்சத்திரத்தில் மட்டும் நின்றுவிட்டார்.

எஸ்டேட்டில் எல்லா வீட்டு வாசலிலும் மூங்கில் கழியில், உள்ளே விளக்கு எரியும் காகித நட்சத்திரம் ஏறிவிட்டது. அவர் வீட்டில் ஏறவில்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் கட்டுவதில்லை என்பது அங்கே வழக்கம். பக்கத்து வீட்டுப் பெண் தானே ஒன்று கட்டித் தருவதாகச் சொன்னபோதும் வேண்டாம் என்றுவிட்டார்.

ஒருநாள் சாயங்காலம் ரெஜினாளிடம் கேட்டேவிட்டார்.

"டீச்சர், ரட்சகர் இந்த வீட்டுக்குள்ள இருக்கார்னு காட்டத்தானே நட்சத்திரம்?"

"அப்படித்தான் சொல்றோம்."

"என் வீட்டுக்குள்ள யாருமே இல்லையே. விளக்கைப் போட்டா சுவரு மட்டும்தான் தெரியுது. அதுக்கு மேல நட்சத்திரத்தைக் கட்டினா அது பொய்தானே? பொய்யைக் கட்டிட்டு நான் எப்படி அடுத்தவங்களுக்குச் சொல்லித் தர்றது?"

ரெஜினாள் எழுந்தாள். கீழ் லைன் வீடுகளில் ஒருவர் கால் முறிந்து படுத்திருக்கிறார், பார்த்துவிட்டு வருவோம் என்று சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

போய்ப் பார்த்து, ஜெபம் சொல்லி, கட்டன் சாயா குடித்துவிட்டு வெளியே வந்தபோது மணி ஆறரை. மூடுபனி இறங்கியிருந்தது. நீட்டிய கை தெரியவில்லை. டார்ச் அடித்தால் வெளிச்சம் திரும்ப முகத்திலேயே விழுந்தது.

அந்தப் பாதை அவர் காலுக்கே தெரியும். முன்னால் நடக்கப் போனார். ரெஜினாள் அவரை நிறுத்தி, இன்றைக்கு நான் முன்னால் போகிறேன், நீங்கள் பின்னால் வாருங்கள் என்றாள். அவர் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் அவள் கேட்கவில்லை.

பனிக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம் மங்கித் தெரிந்தது. ஏதோ ஒரு வீட்டு நட்சத்திரம். அவள் அதைப் பார்த்து நடந்தாள். அதைத் தாண்டியதும் மேலே மஞ்சளாக இன்னொன்று. அங்கிருந்து நீலமாக ஒன்று. இருவரும் ஏறினார்கள்.

நீலத்தைத் தாண்டிய பிறகு ஒன்றும் தெரியவில்லை. ரெஜினாள் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு நேராகவே நடந்தாள்.

அந்த இடத்தில் பாதை நேராகப் போகாது, இடது பக்கம் திரும்பும். நேர் எதிரே ஓடைப் பள்ளம். அவள் காலடியில் மண் சரிந்து கற்கள் உருளும் சத்தம் கேட்டதும் மிக்கேல்தாஸ் பாய்ந்து அவள் சால்வையையும் தோளையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார். இருவரும் ஈரப்புல்லில் விழுந்தார்கள். உருண்ட கற்கள் தண்ணீரில் விழும் சத்தம் தாமதமாகத்தான் கேட்டது.

 அவர் எழுந்து, அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, திருப்பத்தில் இடது பக்கம் கூட்டிப் போனார். பத்தே எட்டு வைத்ததும் ஒரு கதவு. பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டார். அது அவருடைய வீடு.

அவள் முழங்கை சிராய்த்திருந்தது. வெந்நீர் வைத்துக் கழுவிவிட்டார். கோபமும் பயமும் அடங்க வெகுநேரம் ஆனது.

"தெரியாத பாதையில ஏன் இந்த வீம்பு டீச்சர்? ஒரு அடி தள்ளி வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"வெளிச்சம் இருந்த வரைக்கும் சரியாத்தானே வந்தேன்."

அவர் துணியைப் பிழிந்தார். பிறகு, மனசில் இருந்தது தானாக வந்தது போலச் சொன்னார்.

"உள்ள ஒண்ணுமே இல்லாதப்போ வாசல்ல எதைக் கட்டறது?"

ரெஜினாள் சிராய்ப்பின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, குழந்தை இயேசுவைத் தேடி ஞானிகள் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்தாங்க. பெத்த தாய் மரியம்மா வீட்டுக்குள்ள இருந்தாங்க. கூரைக்கு மேல நின்ன நட்சத்திரம் உள்ள இருந்த அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"