மூச்சுக்கு ஒரு கூறு

நேற்று நீங்கள் உண்டு எழுந்தபோது உங்களுக்குள் மூச்சுக்கு எவ்வளவு இடம் மிச்சம் இருந்தது? விரைந்து பதில் சொல்ல வேண்டாம். கையை வயிற்றின் மீது வைத்துக்கொண்டு யோசியுங்கள். யோசிக்கும் நேரத்தில் ஒரு தூக்குச்சட்டிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

கடலோர ஊர் ஒன்றில் மொகுதூம் என்பவரின் வீட்டுச் சமையலறையில் அந்தத் தூக்குச்சட்டி இருந்தது. எவர்சில்வர் சட்டி. இடுப்பில் ஓர் ஒடுக்கு விழுந்திருந்தது. மூடி வேறொரு பாத்திரத்தினுடையது. ஆண்டு முழுவதும் அது சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். பால் வாங்கப் போகாது. மோர் கொண்டு வராது. அதற்கு ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் வேலை.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று அந்த வீட்டில் குர்பானியாக அறுத்த ஆட்டின் இறைச்சியை மூன்று கூறு போடுவார்கள். ஒரு கூறு வீட்டாருக்கு, ஒரு கூறு உற்றார் உறவினருக்கு, ஒரு கூறு இல்லாதவருக்கு. அந்த மூன்றாம் கூறைச் சுமந்துகொண்டு தெருக்கோடியில் இருக்கும் பல்கீஸின் வீட்டுக்குப் போய் வருவதே தூக்கின் வேலை.

பல்கீஸ் வலை பின்னிப் பிழைப்பவள். கணவன் இறந்த பிறகு இரண்டு பெண்மக்களை அந்த வலைக்கயிற்றைக் கொண்டே வளர்த்தாள். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. ஆனால் பெருநாள் தொழுகை முடிந்த கையோடு அம்மியில் மசாலா அரைத்து வழித்து வைத்துவிடுவாள். தூக்கு அவள் வாசலை நெருங்கும்போதே மல்லியும் மிளகும் மணக்கும். அந்த மணத்தைத் தனக்கு அவள் சொல்லும் ஸலாம் என்றே தூக்கு எடுத்துக்கொள்ளும். திரும்பும்போது அவள் அதை வெறுமையாக அனுப்பியதில்லை. கொல்லையில் நிற்கும் முருங்கையில் கீரை பறித்து, மூடி மூடாத அளவுக்கு அடைத்து அனுப்புவாள். கறி போன சட்டியில் கீரை வரும். வருடத்தின் மற்ற நாட்களை அந்த இரண்டு நடையின் நினைவிலேயே தூக்கு கழித்துவிடும்.

அந்த ஆண்டு பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பு சமையலறைக்கு ஒரு ஃப்ரீசர் வந்து சேர்ந்தது. ஆள் உயரம். உள்ளே மூன்று தட்டுகள். முதுகுப்புறச் சுவரில் குளிரை வீசும் சிறு விசிறி ஒன்று. வந்த அன்றே அது சமையலறைப் பாத்திரங்களைக் கூப்பிட்டுத் தன் பெருமையைச் சொல்லத் தொடங்கிவிட்டது. இனி இந்த வீட்டில் எதுவும் புளிக்காது, எதுவும் நாறாது, எதற்கும் அவசரம் இல்லை என்றது.

“இத்தனை காலம் நீங்கள் ஏன் கொடுத்தீர்கள்?” என்று அது தூக்கைப் பார்த்துக் கேட்டது. “கெட்டுப்போய்விடுமே என்ற பயத்தில் கொடுத்தீர்கள். அந்தப் பயத்தை நீக்கத்தான் நான் வந்திருக்கிறேன்.”

பயத்தில்தான் கொடுத்தார்களா? அப்படியானால் அந்த மசாலா மணம் யாருடைய பயத்துக்காக அரைக்கப்பட்டது? ஆணியில் தொங்கியபடியே தூக்கு குழம்பிக்கொண்டிருந்தது.

பெருநாளும் வந்தது. கத்தி தன் வேலையை முறையாகச் செய்தது. மூன்று கூறுகள் மூன்று தாம்பாளங்களில் சமமாக விழுந்தன. மொகுதூமின் மனைவி சாரா உம்மாள் கை கழுவிக்கொண்டு வந்து தூக்கின் காதைப் பிடித்தாள். ஆணியிலிருந்து அரை விரல் அளவு தூக்கு எழும்பியும்விட்டது.

“அதை ஏன் எடுக்கிறே?” என்றார் மொகுதூம்.

“பல்கீஸுக்குக் குடுக்கணும்ல மச்சான்.”

மொகுதூம் கெட்டவர் அல்லர். அன்று காலைத் தொழுகையில் கண் கலங்கியவர். உறவுக்காரர் வீடுகளிலெல்லாம் இன்று ஆடுதான், அவர்களுக்குக் கொடுத்தால் பூனைக்குத்தான் போகும் என்றார். பல்கீஸுக்குக் கொடுக்க மாட்டோம் என்று யார் சொன்னது, கறி என்ன இறக்கை முளைத்துப் பறந்துவிடப் போகிறதா என்றும் கேட்டார். பிறகு ஃப்ரீசரின் கதவைத் திறந்துவிட்டு, புதுக்கணக்கு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியுடன் சொன்னார்.

“கூறு மூணு, தட்டும் மூணு. மேல்தட்டு இந்த வாரத்துக்கு, நடுத்தட்டு இந்த மாசத்துக்கு, கீழ்த்தட்டு அடுத்த மாசத்துக்கு. மூணு கூறு போட்டாச்சா இல்லியா?”

சாரா உம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயால் மறுக்க முடியவில்லை. தூக்கின் காதிலிருந்து கையை எடுத்தாள். அரை விரல் எழும்பிய சட்டி ஆணியில் மீண்டும் விழுந்து ஒருமுறை ஆடி நின்றது.

அதன் பின் அந்த வீட்டில் நடந்தது விருந்தல்ல, வேலை. காலையில் இடியாப்பத்துக்குக் கறி, நண்பகலில் நெய்ச்சோற்றுக்குக் கறி, அந்திக்கு ரொட்டியோடு வறுவல். தட்டில் இருக்கிறதே என்பதற்காகச் சமைத்தார்கள். சமைத்துவிட்டார்களே என்பதற்காக உண்டார்கள். பசி எந்த வேளையிலும் கேட்கப்படவில்லை. மொகுதூம் உண்டு முடித்தால் சுவரில் சாய்ந்து வாயால் மூச்சு வாங்குவார். தொழுகையில் குனிந்தவருக்கு நிமிர ஒரு கை தேவைப்பட்டது.

இதையெல்லாம் அருகில் இருந்து பார்த்தது சகன். நாலு பேர் சுற்றி அமர்ந்து ஒன்றாக உண்ணும் பெரிய தட்டு அது. ஒருமுறை பள்ளிவாசல் இமாம் அதன் விளிம்பருகே அமர்ந்து உண்டிருக்கிறார். மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடத் தீங்கானது வேறில்லை என்ற நபிமொழியை அவர் அன்று எடுத்துச் சொன்னதாகச் சகன் உரக்க நினைவுகூர்ந்தது. முதுகை நிமிர்த்த நாலு கவளம் போதும். போதாதென்றால் மூன்றில் ஒன்று உணவுக்கு, ஒன்று நீருக்கு, ஒன்று மூச்சுக்கு.

“ஏந்துவது உன் வேலை. ஓதுவது யார் வேலையோ அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்றது ஃப்ரீசர்.

கத்தி அதுவரை பேசாமல் இருந்தது. வெட்டுகிறவன் பேசினால் யார் நம்புவார்கள் என்பது அதன் எண்ணம். ஆனாலும் அன்று பேசியது.

“அந்த ஆட்டின் கழுத்தில் நான் வைக்கப்பட்டபோது இறைவன் பெயரைச் சொன்னார்கள். அனுமதி கேட்டு ஓர் உயிரை வாங்கினார்கள். அனுமதி உண்பதற்கு. அடைத்து வைப்பதற்கும் சேர்த்துத்தான் பெயர் சொன்னார்களா என்று எனக்குத் தெரியவில்லை.”

தூக்கின் நினைவெல்லாம் தெருக்கோடியில் இருந்தது. முதல் நாள், மசாலா இன்னும் ஈரமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டது. இரண்டாம் நாள், தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் சரியாகிவிடும் என்று சமாதானம் செய்துகொண்டது. மூன்றாம் நாள் எதையும் எண்ண அதற்குத் துணிவில்லை.

நான்காம் நாள் காலை ஃப்ரீசரின் குரல் மாறியது. ஓயாமல் முனகியது. அதன் விலாப்புறம் தொட முடியாதபடி சுட்டது. கதவின் கீழிருந்து சிவந்த நீர் ஒரு கோடாக வழிந்து தரையில் ஓடியது.

“என்ன ஆயிற்று?” என்று தூக்கு கேட்டது.

“குளிரை அனுப்புகிறேன், அது போக வழியில்லை. மூன்று தட்டும் சுவர் போல் அடைத்திருக்கின்றன. அனுப்பிய குளிர் திரும்பி வந்து என் விசிறியின் மேலேயே பனியாக ஏறுகிறது” என்றது ஃப்ரீசர். முன்பு இருந்த மிடுக்கு அதன் பேச்சில் இல்லை. “தூக்கு, எனக்கு மூச்சு முட்டுகிறது.”

மெக்கானிக் இசக்கிமுத்து வந்தார். கதவைத் திறந்தார்.

“பாய், இது ஃப்ரீசரா, கறிக்கடையா?”

மூன்று தட்டு வைத்துச் செய்தவன் மூன்றையும் நிரப்பத்தானே செய்தான் என்று மொகுதூம் வாதாடினார். இசக்கிமுத்து விசிறியில் அப்பியிருந்த பனியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

“தட்டு மூணுதான் பாய். மூணையும் அடைச்சா காத்து எங்க சுத்தும்? மூணுல ஒரு பங்கு சும்மா கெடக்கணும். அதுதான் இதுக்கு மூச்சு. இல்லன்னா உள்ள இருக்கதையும் கெடுத்து, தானும் கெட்டுப்போவும்.”

கீழ்த்தட்டைக் காட்டுவதற்காக அவர் மொகுதூமைக் குனியச் சொன்னார். மொகுதூம் குனிந்தார். பாதி வரைதான் முடிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, வாயால் மூச்சு வாங்கியபடி நின்றார். ஃப்ரீசரும் அவர் பக்கத்தில் அதே தாளத்தில் முனகிக்கொண்டிருந்தது.

சாரா உம்மாள் ஃப்ரீசரையும் மொகுதூமையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மூச்சு இதுக்கு மட்டுந்தானா வேணும் மச்சான்?” என்றாள்.

உணவுக்கு ஒன்று, நீருக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று என்ற அந்தப் போதனையை மொகுதூம் எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார். அது காதோடு நின்றுவிட்டது. இன்று ஒரு மெக்கானிக்கின் வாயிலிருந்து வந்து உள்ளே இறங்கியது.

கீழ்த்தட்டு காலியானது. ஆணியிலிருந்து தூக்கை எடுத்தவர் மொகுதூமே. கதவு மூடும் முன் ஃப்ரீசர் தாழ்ந்த குரலில் தூக்கிடம் சொன்னது: “சீக்கிரம் போ. எதையும் கெடாமல் காப்பேன் என்று சொன்னேன். இறைச்சி கெடவில்லை. அதை மட்டும் கண்டு பெருமைப்பட்டுவிட்டேன்; வேறெது கெடும் என்று யோசிக்கவில்லை.”

தெரு சிறியதுதான். ஆனால் மொகுதூம் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். தெருக்கோடி நெருங்க நெருங்கத் தூக்கு மசாலா மணத்தைத் தேடியது. மணம் இல்லை. வாசலுக்குள் நுழைந்தபோது அம்மி கழுவிச் சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தது.

பல்கீஸ் வலையை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தாள். “வாங்க காக்கா” என்று அண்ணன் முறை சொல்லி வரவேற்றாள். சட்டியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. பெண்மக்கள் இருவரும் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி அம்மியைப் படுக்க வைக்க ஓடினாள். அம்மி தரையில் இறங்கிய ஓசை தூக்கின் ஒடுங்கிய இடுப்பில் எங்கோ போய்த் தைத்தது.

இறைச்சியை மாற்றிக்கொண்டு, தூக்கைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தாள் பல்கீஸ். அதை வெறுமையாகக் கொடுக்கத் தயங்கி நின்றாள். பிறகு உள்ளே போய் ஈரத்துணி சுற்றிய ஒரு கட்டைக் கொண்டுவந்து பிரித்தாள். முருங்கைக்கீரை. இலைகள் மஞ்சளித்து, பாதிக்குமேல் உதிர்ந்து, காம்புகளே மிஞ்சியிருந்தன.

“பெருநாளன்னைக்கே பறிச்சு வச்சிட்டேன் காக்கா. ஈரத்துணியிலதான் வச்சிருந்தேன். இன்னைக்கு வரைக்கும் தாங்கல. மன்னிச்சுக்கிடுங்க.”

மன்னிப்புக் கேட்டவள் அவள். மொகுதூமால் தலை நிமிர முடியவில்லை. அந்தக் கீரையை அப்படியே தூக்கில் போடச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் தூக்கு தனக்குள் இருந்த வாடிய இலைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தது. ஃப்ரீசர் கேட்ட கேள்விக்கு அதற்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. கறி கெட்டுவிடும் என்று எவரும் கொடுக்கவில்லை. காத்திருப்பு கெட்டுவிடும் என்றே கொடுத்தார்கள். அதைப் பனியில் வைத்துக் காக்க எந்தப் பெட்டியும் இன்னும் செய்யப்படவில்லை.

அன்று நண்பகல் சாரா உம்மாள் அந்தக் கட்டில் தேறிய ஒரு கைப்பிடி இலையைக் கிள்ளி வதக்கிச் சகனில் வைத்தாள். மொகுதூம் முதலில் அதைத்தான் உண்டார். கறியில் இரண்டு துண்டு எடுத்தார். மூன்றாவது துண்டுக்குப் போன கையைத் தானே திருப்பிக்கொண்டு, நீர் அருந்தி, எவர் கையும் பிடிக்காமல் எழுந்தார். கீழ்த்தட்டு அதன் பிறகு நிரப்பப்படவில்லை. தூக்குக்கு வெள்ளிக்கிழமை தோறும் வேலை வந்ததால் அது அடுப்படியிலேயே இருந்தது; ஆணி வெறுமையாகத் துருப்பிடித்தது.

கேட்டவர்களே, கை இன்னும் வயிற்றின் மீதுதான் இருக்கிறதா? எடுங்கள். எழுந்துபோய் உங்கள் வீட்டு ஃப்ரீசரின் கீழ்த்தட்டை இழுத்துப் பாருங்கள். அங்கே உறைந்து கிடப்பது யாருடைய கூறு என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்கு என்று கதவை மூடிவிடாதீர்கள். இந்த வேளையே, அடுத்த கவளத்துக்கு முன்பே, அதை ஒரு தூக்கில் இட்டு நடந்து போய்க் கொடுத்துவிடுங்கள். அங்கே உங்களுக்காகப் பறித்து வைத்த கீரை வாடிக்கொண்டிருக்கிறது.