ஆறடித் தொட்டி

சூசைராஜுக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு பரிதாவுக்கு முப்பத்து மூன்று.

பரிதா கொளத்தூரில் பெரிய ரக அலங்கார மீன்களை வளர்த்து விற்கிறவள். மீன் வாங்கப் போன சூசைராஜ், அவள் மீன்களைப் பற்றிப் பேசியதைக் கேட்டு அன்றே "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கிற ஆள் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையில் ஒரு நோட்டோடு கடைக்கு வந்தார்.

"குருவே, ஒரே ஒரு கேள்வி. ரெட் டெவில், ஜாகுவார், ஜாக் டெம்ப்சி. மூணும் மத்திய அமெரிக்கா பக்கத்து மீன். மூணும் என் ஆறடித் தொட்டில இருக்கு. இதுல எது பெரிய முரடு?"

பரிதா நோட்டைப் பிரித்தாள். சூசைராஜ் முப்பத்து நாலு வருஷம் ரயிலில் கார்டாக இருந்து நிமிஷக் கணக்கு எழுதியவர். அந்தப் பழக்கம் விடுமா?

'காலை 6.10. ரெட் டெவில் ஜாகுவாரைத் துரத்தியது, நான்கு முறை. 6.25. ஜாகுவார் மூலையில் ஒதுங்கியது. 6.40. ஜாக் டெம்ப்சி வாலை விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பியது.' இப்படியே இருபது பக்கம்.

"துரத்தினதெல்லாம் எழுதியிருக்கீங்க. மூலைல நின்னது என்ன பண்ணுச்சுன்னு எழுதலையே சார்."

"அது சும்மாதானம்மா நிக்குது."

"எப்ப வாங்கினீங்க அதை?"

"மூணு வாரம் ஆச்சு."

"வால் எப்படி இருக்கு?"

"பாதி இல்ல."

பரிதா நோட்டை மூடிக் கொடுத்தாள். "நாளைக்கு வீட்டுக்கு வரேன்."

அதே மூன்று வாரத்துக்கு முன்னால்தான் சூசைராஜின் அண்ணன் இன்னாசியும் பெரம்பூரில் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. மனைவி இல்லை, பிள்ளைகளும் இல்லை. வந்த மறுநாளே அண்ணனுக்கும் தம்பிக்கும் முட்டிக்கொண்டது. ஃபேன் வேகத்துக்கு ஒரு சண்டை, பேப்பரை யார் முதலில் பிரிப்பது என்பதற்கு ஒரு சண்டை. போன ஞாயிற்றுக்கிழமை சூசைராஜ் "இது என் வீடு" என்று சொல்லிவிட்டார்.

இன்னாசி அதன்பிறகு எதற்கும் வாய் திறக்கவில்லை. பூந்தமல்லி பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு வைத்துவிட்டார். வருகிற ஞாயிறு கிளம்புவதாக ஏற்பாடு.

சூசைராஜுக்குச் சோறு இறங்கவில்லை. ரயில்வே பரீட்சைக்கு அவர் போன அன்று, தன் செருப்பைக் கழற்றித் தம்பிக்குப் போட்டுவிட்டு வெறுங்காலோடு வீடு திரும்பியவர் இந்த அண்ணன். போகாதே என்று சொல்ல வேண்டியதுதானே? அதற்குத்தான் வாய் வரவில்லை. மீன்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை பரிதா வலையும் மூன்று டப்பும் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்க்கலாம் என்று, ஃபேனுக்குக் கீழே கிடந்த பிரம்பு நாற்காலியை இழுத்தாள்.

"அது என் சேர்ம்மா." சூசைராஜின் வாய் முந்திக்கொண்டது.

வாசல் பக்கம், செருப்பு ஸ்டாண்டை ஒட்டிப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இன்னாசி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இதுல உக்காரு தாயி" என்று ஸ்டூலைத் தள்ளினார்.

பரிதா அதில் உட்கார்ந்தாள். அந்த மூலைக்குக் காற்றே வராது என்பதை சூசைராஜ் அப்போதுதான் கவனித்தார்.

அவள் மூன்று மீன்களையும் பிடித்து மூன்று டப்பில் விட்டாள். தொட்டியிலிருந்த கற்களையும் மண்சட்டியையும் இடம் மாற்றினாள். ஒரு கோடியில் நிற்கிற மீனுக்கு மறுகோடி தெரியாதபடி உயரமான கல்லை நடுவில் நிறுத்தினாள். பிறகு வால் கிழிந்த ஜாகுவாரை முதலில் விட்டாள். அடுத்தது ஜாக் டெம்ப்சி. ரெட் டெவில் டப்பில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது.

"இவனை எப்ப விடறது?"

"அரை மணி நேரம் போகட்டும்."

"தொட்டியே அவனோடதும்மா. முதல்ல வந்தவன் அவன்."

"அதனாலதான் சார் கடைசில. மத்த ரெண்டும் முதல்ல இடம் பிடிக்கட்டும்."

"ஆத்துலயும் இவன் இப்படித்தான் அடிப்பானா?"

"அடிப்பான். நாலடி துரத்துவான், அடிபட்டது நீந்திப் போயிரும், அதோட முடிஞ்சுது. இங்க அது எங்க போகும்? போக்கிடம் இல்லாம அங்கேயே நிக்குது. இவன் அதைத் திமிருன்னு நினைச்சுக்கறான்."

சுவரோரம் நின்றபடி இன்னாசி மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூசைராஜால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அரை மணி கழித்து ரெட் டெவிலை விட்டாள். அது பழைய சட்டி இருந்த இடத்துக்குப் போய்த் தேடியது. ஒரு சுற்றுச் சுற்றியது. ஜாகுவாரைக் கடந்துபோய், மறுகோடியில் சரளைக்கல்லைத் தோண்ட ஆரம்பித்தது.

"பத்து நாள் பாருங்க. திரும்பவும் ஆரம்பிச்சா நடுவுல தடுப்பு வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மறுநாள் காலை சூசைராஜ் கூடத்திலிருந்த சாமான்களையெல்லாம் நடுவே இழுத்துப் போட்டார்.

"என்னங்க, பெயிண்ட் அடிக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி ரெஜினா.

"எது எங்க இருக்கணும்னு அண்ணன் சொல்லட்டும். நீ கூட இருந்து எடுத்து வை."

சொல்லிவிட்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார். வாட்சைப் பார்த்து அரை மணி நேரம். எல்லா ஊருக்கும் கடைசிப் பெட்டியில் போய்ச் சேர்ந்தவர். காத்திருப்பது அவருக்குப் புதிதல்ல. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ரெஜினா எதற்கோ சிரித்தாள்.

நேரம் முடிந்ததும் கதவைத் தட்டி உள்ளே போனார். பிரம்பு நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. அதில் இன்னாசி இருந்தார். செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்டூலைக் காணவில்லை.

சூசைராஜ் வாசற்படியருகிலேயே நின்றார்.

"நான் எங்கண்ணே உக்காரட்டும்?"

இன்னாசி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீட்டியிருந்த காலை மெல்ல நகர்த்தி, பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காட்டினார்.

"இங்க வா. காத்து நல்லா வருது."

உட்கார்ந்த பிறகுதான் சூசைராஜுக்கு வாய் வந்தது. "போகாதண்ணே" என்றார். கண் கலங்கிவிட்டது. அண்ணன் பேப்பரில் பாதியைப் பிரித்து அவர் மடியில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து இருவரும் ஆட்டோவில் கொளத்தூர் வந்தார்கள். ரெஜினா சுட்ட அச்சு முறுக்கு ஒரு டப்பா நிறைய இருந்தது.

"ஜாகுவார் வால் எப்படி சார்?"

"முளைக்குது குருவே." அதற்கு மேல் எவ்வளவோ சொல்ல வேண்டுமென்று வந்திருந்தார். கையை மட்டும் கூப்பினார்.

இன்னாசி கம்பை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்து வந்தார்.

"தாயி, எது முரடுன்னு என் தம்பி உங்கிட்ட கேட்டானாமே. எனக்கு அது வேணாம். இதுல எது சாது?"

பரிதா முறுக்கை உடைத்தபடி சூசைராஜை ஒரு பார்வை பார்த்தாள்.

"கடைசியா தொட்டில இறங்கினதுதான் ஐயா."