வலது கைக்குத் தனி பாஸ்போர்ட்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று ஒரு பழமொழி நாட்டில் உலவுகிறது. இது முற்றிலும் தவறு என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டு என்பது கெட்டிக்கு எதுகையாக வந்து ஒட்டிக்கொண்ட எண்ணே தவிர, யாரும் புளுகர்களை உட்காரவைத்து ஆராய்ந்து கண்ட கணக்கு அல்ல. ஆலடிவிளை ஞானதிரவியத்தின் புளுகு கார்த்திகையில் முளைத்துப் பங்குனி வரை வாடாமல் நின்றது. அவன் கெட்டிக்காரனும் அல்ல. ஆகப் பழமொழியின் இரண்டு பாதியுமே அடிபட்டுப் போகின்றன.

சில வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் ஞானதிரவியம். அங்கே சொந்தக்காரர் ஒருவரின் பெட்ரோல் பங்கில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றான், கல்லாவுக்கு மேலே ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது என்பது மாசிலாமணியின் கட்சி. ஊரோ அவனை அமெரிக்கப் பந்தாட்டத்தில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்காக இருந்தவன் என்று நம்பியது. அந்தப் பதவியின் பெயரை முதலில் கேட்டபோது ஆண்கள் சிலர் சிரித்தார்கள். அது சாராயக்கடைச் சிரிப்பு என்பதால் விட்டுவிடலாம்.

மாசிலாமணி ஆலடிவிளை கபடிக் குழுவின் கோச். அவரது குழு ஒவ்வொரு பங்குனியும் கீழவிளைப் போட்டிக்கு வேனில் போய், முதல் சுற்றில் தோற்று, அதே வேனில் திரும்பும். வேன் வாடகையும் பனியனும் கருப்பட்டி மண்டி தங்கப்பழத்தின் உபயம். அந்தத் தங்கப்பழம்தான் ஒருநாள், அமெரிக்காவில் ஆடிய மனுசன் உள்ளூரிலேயே இருக்கும்போது நாம் ஏன் வெளியே தேடணும் என்றார். மாசிலாமணி வெளியே அல்ல, அவருக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டில் அவரை யாரும் எதற்கும் கேட்பதில்லை. களத்தில் மட்டும்தான் நாலு பேர் கோச் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் போனால் அவர் வெறும் மாசிலாமணி.

எனவே மகளின் போனை வாங்கி அமெரிக்க ஆட்டம் எப்படிப்பட்டது என்று இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார். ஆட்டம் விளங்கியது. அதை ஏன் ஆடுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பயிற்சி முடிந்ததும் களத்து மணலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். தங்கப்பழம் பிளாஸ்டிக் நாற்காலியில். நடுவில் பதநீர்ப் பானை. புது கோச் யார் என்று அன்றைக்குச் சொல்லிவிடுவதாக இருந்தது. அதற்கு முன், ஒரு மரியாதைக்கு, ஞானதிரவியத்தைத் தன் ஆட்ட வாழ்க்கையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்.

நாலு வார்த்தையில் நிற்கிற வாயா அது? பங்கில் நின்றபோது பக்கத்து மைதானத்திலிருந்து ஒரு பந்து வந்து விழுந்ததாம். சின்ன வயதில் பனங்காய் எறிந்த கையாயிற்றே, திருப்பி எறிந்தானாம். பந்து மைதானத்தைத் தாண்டி, ஊரைத் தாண்டி, அடுத்த மாகாணத்தில் இறங்கியதாம். அன்று சாயங்காலமே ஒரு குழு முதலாளி வந்து பங்கு வாசலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டானாம்.

பந்து என்ன வடிவம் என்று மாசிலாமணி கேட்டார். பலாக்கொட்டை வடிவம் என்றான் ஞானதிரவியம். அது உண்மை. களத்தில் ஒருவரும் நம்பவில்லை. உருண்டையாக இல்லாவிட்டால் அது என்ன பந்து என்று தங்கப்பழமே முகத்தைச் சுளித்தார். குனிந்து நிற்கிற ஒரு தடியன் தன் காலிடுக்கு வழியாகத்தான் பந்தைக் குவார்ட்டர்பேக்குக்குத் தருவான் என்றபோது, பொம்பளையாட்கள் இருக்கும் இடத்தில் இதையெல்லாம் சொல்லவேண்டாம் என்று எச்சரித்தார். அதுவும் உண்மை. இரண்டையும் போனில் பார்த்திருந்த மாசிலாமணிக்கு நெஞ்சு எரிந்தது. புளுகெல்லாம் தடையில்லாமல் போகிறது, உண்மை வந்தால்தான் வழிமறிக்கிறார்கள்.

"அப்படி ரொம்பத் தூரம் எறிஞ்சா நேரம் ஆகுமே வே," என்றார், மடக்குவதாக நினைத்துக்கொண்டு.

"அதை ஏன் கேக்கியோ? அமெரிக்காவுல கிழக்கயும் மேக்கயும் ஒரே மணி கிடையாது. நான் கிழக்க நின்னு காலையில பத்து மணிக்கு எறியுதேன். பந்து மேக்க போயி விழுது. அங்க அப்பத்தான் ஏழு. நான் எறியதுக்கு மூணு மணி நேரம் முந்தியே நமக்குப் புள்ளி விழுந்தாச்சு. நடுவர் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டான்."

"அது சரிதான். அங்க மணி மாறும்," என்றார் தங்கப்பழம். அவருடைய மைத்துனர் ஒருவர் நியூஜெர்சியில் இருந்தார்.

மாசிலாமணி விடவில்லை. எருமை மாதிரி ஆட்கள் மேலே விழுவார்களே, உம்ம எலும்பு எப்படித் தாங்கியது என்று கேட்டார். ஒரு முறை எதிரணி மொத்தமும் ஞானதிரவியத்தின்மேல் விழுந்ததாம். எழுந்து பார்த்தால் அடியில் அவர்களுடைய முதலாளிதான் கிடந்தானாம். இவன் பார்வையாளர் பக்கம் கடலை கொறித்துக்கொண்டிருந்தானாம். பிறகு மழை. எங்கே வறட்சி வந்தாலும் அவனைக் கூப்பிட்டுப் பந்தை மேகத்தில் எறியச் சொல்வார்களாம். நல்ல இடம் பார்த்துக் குத்தினால் மூன்று நாள் பெய்யுமாம். மாசிலாமணி கேட்கக் கேட்க, அவர் கேள்விகளே ஞானதிரவியத்துக்கு உரமாக இறங்கின. தங்கப்பழம் நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"அவ்வளவு பெரிய ஆளை எப்படி வே ஊருக்கு விட்டான்?" என்று கடைசியாக ஒரு தடவை மடக்கிப் பார்த்தார் மாசிலாமணி.

"என்னை விட்டுட்டான் அண்ணாச்சி. கையத்தான் விடல. என் வலது கைக்குத் தனியா பாஸ்போர்ட்டு. அது அவங்க நாட்டுச் சொத்துன்னு ஏர்போர்ட்டுல பிடிச்சு வச்சுக்கிட்டான். நான் முன்னாடி வந்துட்டேன். கை அடுத்த பிளேன்ல வந்துச்சு. ஜன்னல் சீட்டுல."

பையன்கள் மணலில் புரண்டு சிரித்தார்கள். தங்கப்பழம் சிரிக்கவில்லை. அந்தக் கையையே பயபக்தியோடு பார்த்தார். ஏர்போர்ட்காரர்கள் அப்படித்தான், போன தடவை மைத்துனர் கொண்டுவந்த ஊறுகாயையே பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்றார்.

எல்லாம் முடிந்தது என்று மாசிலாமணிக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் மடக்குகிற எண்ணமும் அவருக்கு இல்லை. பதநீர் ஊற்றிய ஓலைப் பட்டையைக் கையில் எடுத்தவர், இத்தனை வருடப் பழக்கத்தில், களத்தில் எந்த கோச்சும் கேட்கிற ஒன்றைக் கேட்டார்.

"சரி, எதிராளி ஏறி வாரான். அப்ப நீரு எங்க நிப்பீரு?"

ஞானதிரவியத்துக்குத் தொண்டை வறண்டிருந்தது. புளுகுவதும் உழைப்புத்தானே. களைப்பில் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

"நான் எங்க நிக்கேன்? பந்து அவன் கைக்குப் போயிட்டா எனக்கு வேலை இல்ல. தடுக்கதுக்கு வேற பதினோரு பேரு வருவான். நான் வெளிய போயி பெஞ்சில உக்காந்து தண்ணி குடிப்பேன்."

சிரிப்பு நின்றது. கபடிக்காரர்களுக்கு இது புரியாத பாஷை. பாடிப் போய் எதிரிகளைத் தொட்டுவிட்டு வருகிறவன் எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும், எதிராளி பாடிக்கொண்டு வரும்போது மற்றவர்களோடு கை கோத்து நின்றே ஆகவேண்டும். தொட மட்டும் தெரியும், பிடிக்க வரமாட்டேன் என்பவனுக்கு ஆலடிவிளையில் பெண் கொடுக்கமாட்டார்கள்.

"வெளிய உக்காந்தா யாரும் வையமாட்டாங்களாண்ணே?" என்று கேட்டான் இசக்கிராஜா, குழுவில் பாடிப் போவதில் கெட்டிக்காரன்.

"வையவா? முதுகுல துண்டைப் போட்டு விசிறி விடுவாங்க தம்பி."

தங்கப்பழம் மெதுவாக மாசிலாமணி பக்கம் திரும்பினார். காலையிலிருந்து இந்த ஆள் ஒவ்வொன்றையும் மறுத்துக்கொண்டிருந்தது அவருக்கு நினைவிருந்தது. இதையும் புளுகு என்று சொல்லிவிட்டால் பரவாயில்லை என்பதுபோல இருந்தது அவர் முகம்.

"ஏ மாசிலாமணி, நீரு சொல்லும். இது நெசமா?"

மாசிலாமணி பதநீரை ஒரு வாய் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"சத்தியமான நெசம் அண்ணாச்சி. நானே கண்ணால பாத்தேன். ஞானதிரவியம் இதுல ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல."

ஞானதிரவியம் அவரை நன்றியோடு பார்த்தான். ஐந்து மாதத்தில் அவன் சொன்ன ஒன்றுக்கு முதல்முறையாக ஒரு சாட்சி கிடைத்திருந்தது.

தங்கப்பழம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஆள் வரும்போது கோக்காத கைக்கு பாஸ்போர்ட்டு ஒரு கேடா? பதநீரைக் குடிச்சிட்டு எந்திரியும் வே."

மாசிலாமணியே கோச்சாக நீடித்தார். அடுத்த ஞாயிறு வேன் கீழவிளைக்குப் போனது. முதல் சுற்றில் இசக்கிராஜா முதல் தடவை பாடிப் போனபோதே இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். பிறகு எதிரணி ஆள் பாடிக்கொண்டு வந்தபோது, அவன் கோட்டைத் தாண்டி வெளியே போய், முதுகில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நடுவர் எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுத்தார்.