மேற்குச் சுவரின் அரசங்கன்று

மாசிலாமணி தம் குருவைவிட இருபது வயது மூத்தவர். அவர் குருவை அம்மை என்று அழைப்பார். குரு அவரை ஐயா என்று அழைப்பார். காலையில் யார் யாரை முதலில் வணங்குவது என்பதில் இருவருக்குமிடையே ஓயாத போட்டி இருந்தது. உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராகையால் பெரும்பாலும் மாசிலாமணியே வென்றார்.

குருவின் பெயர் பூங்கோதை. துறவு பூணுமுன் அவர் மருத்துவர். நோயுற்றவர்களின் திசுக்களை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்வது அவர் பணி. மலையடிவாரத்துக் குடிலுக்கு வந்த பிறகு, யாரேனும் கேட்டாலன்றி அதைப் பற்றிப் பேசுவதில்லை.

குடிலை ஒட்டிப் பழைய சிவன் கோயில் ஒன்று இருந்தது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய சிறிய கோபுரம். அதில் செடிகொடி முளைக்காமல் பார்த்துக்கொள்ளும் உழவாரப் பணியை மாசிலாமணி தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். கோபுரத்தின் மேற்குப் பக்கத்தில், மேல்நிலையைத் தோளில் தாங்கியபடி, பெருத்த வயிற்றோடு ஒரு சுதைப் பூதம் உட்கார்ந்திருந்தது. அதற்குத் தொப்பையன் என்று அவர் பெயரிட்டிருந்தார். நாள்தோறும் காலையில் அதன் நேர்கீழே நின்று, "வயிற்றை உள்ளே இழு" என்று உத்தரவிடுவார். தொப்பையன் ஒரு நாளும் பணிந்ததில்லை.

அந்த ஆண்டு மழைக்காலம் முடியும் வேளையில் மாசிலாமணியின் மலத்தில் இரத்தம் கண்டது. மகள் மங்கையர்க்கரசி நகரத்துக்கு அழைத்துச் சென்றாள். பெருங்குடலில் புற்று என்று அங்கே கண்டறிந்தார்கள்.

நோயைக் கேட்டு அவர் கலங்கவில்லை. மருத்துவர் சொன்ன வழியைக் கேட்டுத்தான் கொதித்தார். முதலில் சில வாரங்கள் நல்ல உணவும் நடையும் மூச்சுப் பயிற்சியுமாக உடம்பைத் தேற்ற வேண்டும்; அதன் பிறகு அறுவை; அதன் பிறகு மருந்து, அதுவும் குறைந்த அளவில் தொடங்கி, உடம்பு தாங்குவதைப் பார்த்துக் கூட்ட வேண்டும் என்றார் மருத்துவர். இதைச் சொல்வதற்கு முன், மாசிலாமணியை நடந்து காட்டச் சொன்னார். கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார்.

"என்னை," என்று குடில் முழுவதும் கேட்கும்படி சொன்னார் மாசிலாமணி. "மாவட்டத்தின் பாதிப் பேருக்கு ஓடக் கற்றுக்கொடுத்த என்னை, நாற்காலியிலிருந்து எழுந்து காட்டச் சொல்கிறார்."

இளைஞனுக்குக் கொடுக்கும் மருந்தை முழுமையாகக் கொடுக்கட்டும். இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம் என்பது அவர் முடிவு. இனி மருத்துவமனை வாசலை மிதிப்பதில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

மங்கையர்க்கரசி குருவிடம் வந்து அழுதாள். எழும்போது அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டதை அவள் பார்த்திருக்கிறாள். அது அவருக்கே தெரியவில்லை என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மை, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அப்பா கேட்பார்."

"கேட்பார். அதனால்தான் சொல்லாமல் இருக்கிறேன்."

மாலையில் அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மாசிலாமணி வந்து எதிரே அமர்ந்து, தாமும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

"அம்மை, ஒரு கேள்வி."

"கேளுங்கள், ஐயா."

"வெற்றிலையைத் தொட்டதில்லை. புகை கிடையாது. விடியலுக்கு முன் எழாத நாள் இல்லை. நான் எங்கே தவறினேன்?"

அம்மை கீரையைக் கீழே வைத்தார்.

"கோபுரம் எப்படி இருக்கிறது, ஐயா?"

"பளிச்சென்று இருக்கிறது."

"மேற்குப் பக்கத்து மேல்நிலை?"

மாசிலாமணி கீரைக்காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். மழைக்குப் பிறகு அவர் அவ்வளவு உயரம் ஏறவில்லை.

மறுநாள் காலையில் அம்மை ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவர் ஏறினார். முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறுகிறவர், இப்போது நடுவில் நின்று சுவரை ஆராய்வதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டார். அம்மை அந்தச் சமயம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேலே இரண்டு அரசங்கன்றுகள் நின்றன. ஒன்று தொப்பையனின் அக்குளிலிருந்து புறப்பட்டிருந்தது. மற்றொன்று ஒரு முழம் தள்ளி, வெறும் மாடத்தின் பின்னால்.

"காகத்தின் வேலை," என்றார் மாசிலாமணி மேலிருந்தபடியே.

"காகம் இந்த ஆண்டுதான் வருகிறதா?"

"எந்நாளும் வரும். எந்நாளும் எச்சமிடும். அதில் அரசம்பழ விதை இல்லாமலா இருக்கும்?"

"பிறகு ஏன் இதுவரை முளைக்கவில்லை?"

"நான் சுத்தம் செய்தேன்."

"நீங்கள் வருவதற்கு முன்?"

அவர் வருவதற்கு முன் கோயில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கவும் ஆளில்லை. ஆயினும் பூட்டைத் திறந்த நாளில் அதில் ஒரு புல்கூட இருக்கவில்லை என்பதை அவரே பலரிடம் வியந்து சொல்லியிருக்கிறார்.

"அப்போது விதையை விரட்டியது யார், ஐயா?"

மாசிலாமணி சுவரில் கையை வைத்தார். எடுத்தபோது உள்ளங்கை வெள்ளையாக இருந்தது.

"சாந்து உதிர்கிறது, அம்மை."

"சாந்து எங்கே தவறியது?"

"தவறுவதாவது. எத்தனை வெயில், எத்தனை மழை. அது என்ன செய்யும்?"

அம்மை ஏணியைப் பிடித்தபடியே, நுண்ணோக்கியில் தாம் கண்டதைச் சொன்னார். முறை தவறிய உயிரணு இளையவர் உடம்பிலும் உண்டு. அங்கே சுற்றியுள்ளவை நெருக்கமாக நிற்கும். அதற்கு இடம் கொடுக்காது. உடம்பின் காவலும் விழிப்போடு இருக்கும். காலம் செல்லச் செல்ல அந்த நெருக்கம் தளரும், காவல் அயரும், தளர்ந்த இடத்தில் அழற்சி கனன்றுகொண்டிருக்கும். அப்போது அதே உயிரணு வேர் பிடிக்கும்.

மாசிலாமணி உள்ளங்கையிலிருந்த வெண்பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முதலில் இளகியது, பிறகு சிவந்தது. திரும்பித் தொப்பையனின் அக்குளிலிருந்த கன்றை அடியில் பற்றினார். "ஐயா" என்று அம்மை அழைத்தது அவர் காதில் விழவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தார்.

கன்று வந்தது. அதனோடு செங்கற்களும் வந்தன. தொப்பையன் ஒரு பக்கம் சாய்ந்து, கீழே புல்தரையில் விழுந்தான். தோளும் தலையும் தப்பின. வயிறு உடைந்துபோயிற்று.

மாசிலாமணி இறங்கி வர நேரமாயிற்று. மேல்துண்டைத் தரையில் விரித்து, வயிற்றின் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதில் வைத்தார். அம்மையும் குனிந்து பொறுக்கினார். ஒருவரையொருவர் கடிந்துகொள்ளவில்லை.

கன்றின் வேர் கையளவுக்குமேல் நீண்டு, நாராகப் பிரிந்து, ஒவ்வொரு நாரிலும் ஒரு சாந்துக்கட்டியைக் கவ்விக்கொண்டிருந்தது.

"அந்த இன்னொன்றை விட்டுவிடலாம், அம்மை," என்றார் மாசிலாமணி. "என் கை இனி அதில் படவேண்டாம்."

"விட்டால்?"

அவர் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். அரசமரம் பிளந்து போட்ட மண்டபங்களை அவர் கண்டிருக்கிறார்.

"சில மழைக்காலம் தாங்கும். பிறகு பிளந்துவிடும்."

அம்மை அவரைக் கிழக்குப் பக்கம் அழைத்துச் சென்றார். சுவரைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். அவர் தட்டினார், கல்லைத் தட்டியதுபோல் கெட்டியாகக் கேட்டது. மேற்கே வந்து தட்டினார். வெறும் குடம்போல் ஒலித்தது.

"கிழக்குச் சுவருக்கு என்ன வயது, ஐயா?"

"இதே வயதுதான். ஒன்றாய்க் கட்டியது."

"அங்கே முளைத்திருந்தால்?"

"இழுத்திருக்கலாம். ஒன்றும் ஆகியிராது." அவர் கை சுவரிலேயே இருந்தது. "மேற்கில் சாரல் அடித்து அடித்து உள்ளே பொள்ளலாகிவிட்டது."

"வயதைக் கேட்டா அதைத் தெரிந்துகொண்டீர்கள்?"

"தட்டிப் பார்த்து," என்றவருக்கு, எழுந்து காட்டச் சொன்ன அந்த நாற்காலி நினைவுக்கு வந்தது.

அம்மை தொப்பையனின் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மாசிலாமணி துண்டு மூட்டையைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திப் பின்னே சென்றார்.

அன்று மாலை அவரே மகளைத் தொலைபேசியில் அழைத்தார். நகரத்து மருத்துவர் எத்தனை வாரம் சொன்னார் என்று மட்டும் கேட்டார். அவள் எதிர்முனையில் அழத் தொடங்கியதும், அழுவதற்கு மூச்சை வீணாக்காதே என்று அதட்டிவிட்டு வைத்துவிட்டார்.

சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்தார்கள். மணலோடு சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு இடித்தார்கள். அந்தச் சாந்தை மேற்குச் சுவரின் பிளவுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, ஈரச்சாக்கு போர்த்தினார்கள். மிஞ்சிய கன்று துளிர்விடும்போதெல்லாம் தளிரை மட்டும் நறுக்கி, அது கொழுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஏணி ஏறும் வேலையைக் குடிலின் மற்ற சீடர்கள் செய்தார்கள். மாசிலாமணி கீழே நின்று, தாம் ஏறினால் எப்படி ஏறுவார் என்பதை விளக்கிக்கொண்டிருந்தார்.

குடிலின் சமையற்கட்டில் அவருக்கென்று தனியாகப் பருப்பும் சுண்டலும் வெந்தன. குடிலில் சமைக்காத முட்டையை மங்கையர்க்கரசி வெளியிலிருந்து கொண்டுவந்தாள். அம்மை பார்க்காததுபோல் இருந்தார். விடியலில் மாசிலாமணி நடந்தார். நடந்து முடித்ததும் ஒரு நாற்காலியை முற்றத்தில் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். தமக்குத் தாமே விசில் ஊதிக்கொண்டார். முதல் சில நாட்கள் எழ முடியாமல் பாதியில் அமர்ந்துவிட்டார். யாரும் அங்கே பார்க்கக் கூடாது என்று அம்மை மற்றவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். எல்லாரும் சன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

இடையில் ஒரு நாள் பொறுமையிழந்து அம்மையிடம் வந்தார்.

"இவ்வளவு மெல்லப் போகிறோமே, அம்மை. இந்த நேரத்தில் வேர் பரவாதா?"

"பரவலாம். அதற்காகத்தான் தளிரை நறுக்குகிறோம். நாட்களையும் எண்ணி வைத்திருக்கிறோம். உங்கள் மருத்துவரும் எண்ணி வைத்திருக்கிறார்."

"நாள் தவறினால்?"

"தவறவிடமாட்டேன். நானே காரில் ஏற்றிவிடுவேன். முரண்டு பிடித்தால் தூக்கிப் போட்டுக்கொண்டு போவேன்."

"என்னைத் தூக்க உங்களால் ஆகாது."

"ஆகாது. ஆகையால் நீங்களே ஏறிக்கொள்ளுங்கள்."

வாரங்கள் சென்றன. ஒரு காலையில் மாசிலாமணி மேற்குச் சுவரில் கையை வைத்து எடுத்தார். உள்ளங்கையில் பொடி ஒட்டவில்லை. விரல் மடக்கித் தட்டினார். கிழக்குச் சுவர் அளவுக்கு இல்லை, ஆனாலும் கெட்டியாகவே கேட்டது. அம்மை அப்போதுதான் உளியை எடுத்துக் கொடுத்தார். கன்றைச் சுற்றிச் சிறிது சிறிதாகக் கொத்தி, வேரைத் தொட்டு, அறுத்து, எட்டிய மட்டும் எடுத்தார்கள். குழியைச் சாந்தால் அடைத்தார்கள். ஒரு செங்கல்கூட அசையவில்லை.

தொப்பையனின் வயிற்றுச் சில்லுகளை ஒட்டவைத்தபோது நடுவில் ஓரிடம் குறைந்தது. இந்தச் சாக்கில் வயிற்றைக் கொஞ்சம் குறைத்துவிடலாமா, ஐயாவின் நெடுநாள் உத்தரவாயிற்றே என்று அம்மை கேட்டார். வேண்டாம், அவன் எப்படி இருந்தானோ அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, மாசிலாமணி தம் கையாலேயே சாந்தை அப்பி உருட்டினார். அது முன்னிலும் சற்றுப் பெரிதாக அமைந்துவிட்டது.

மருத்துவமனைக்குப் புறப்படும் நாளில் மங்கையர்க்கரசி காரைக் கோயில் வாசலில் நிறுத்தியிருந்தாள். மாசிலாமணி முற்றத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். அம்மை வந்ததும், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றார். இருவரும் ஒரே நேரத்தில் வணங்கினார்கள். போட்டியில் அன்று யாரும் வெல்லவில்லை.

கார் வரை சென்ற மாசிலாமணி, கதவைப் பிடித்தபடி மேற்குச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். தொப்பையன் பழைய இடத்தில், புது வயிற்றோடு, மேல்நிலையைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

"அம்மை, எவ்வளவு எடுத்தாலும் உள்ளே ஒரு நார் தங்கியிருக்கலாம்."

"இருக்கலாம், ஐயா."

"காகமும் வந்துகொண்டுதான் இருக்கும்."

"வரும்."

"மறுபடியும் துளிர்த்தால்?" அவர் குரல் முதன்முறையாகத் தாழ்ந்திருந்தது. "யார் பார்ப்பார்கள்?"

அம்மை அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

"தொப்பையனுக்கு உத்தரவு போட நீங்கள்தானே தினமும் அங்கே வந்து நிற்பீர்கள். துளிர்த்தால் என்னைக் கூப்பிடுங்கள், ஐயா. ஏணியைப் பிடித்துக்கொள்ள நான் வருகிறேன்."