நாலு தொளை, ஒரு கோடு

எஸ்தரம்மா சத்துணவுக்கூடத்துல சமைக்கிறவங்க. கணையத்துல புத்துநோய். நாளைக்குக் காலைல ஆபரேஷன். பண்ணப் போறது டாக்டர் வாணி. அவளுக்குத் தொழில் கத்துக் கொடுத்தவர் டாக்டர் மாசிலாமணி.

"எது சார் நல்லது? நாலு தொளை போட்டு கேமரா வழியா பண்றதா, வயித்தைத் திறந்து பண்றதா?"

"உனக்கு எது பிடிக்கும்?"

"தொளைதான். சீக்கிரம் எழுந்து நடப்பாங்க. ஆனா நடுவுல திறக்க வேண்டி வந்தா..."

"பஜ்ஜி வாங்கணும்."

தொளையில ஆரம்பிச்சுட்டு நடுவுல திறக்கிறவங்க வார்டுக்கே பஜ்ஜி வாங்கணும். அங்க அப்படி ஒரு வழக்கம். வாணி இதுவரைக்கும் வாங்கினதில்ல.

மாசிலாமணி அவளைப் பயிற்சிப் பெட்டி முன்னால நிறுத்தினார். மேல ரப்பர் மூடி, உள்ள ஆட்டு ஈரல். பெட்டிக்குப் பின்னால போய் உக்காந்துகிட்டார்.

"சவ்வுக்கு அடியில ஒரு கட்டி இருக்கு. எடு."

வாணி கேமராத் திரையைப் பாத்துகிட்டே இடுக்கியால பிடிச்சா. கட்டி லேசா துடிச்சுது.

"சார், ஆடுது."

"ஆடுதான். செத்து நாலு மணி நேரமாச்சு. வேலையப் பாரு."

இறுக்கிப் பிடிச்சு, கத்தரியை வச்சா. திரை சிவந்துச்சு. மெல்ல, முழுசா. செத்த ஈரல் அப்படி ரத்தம் விடாது.

"இப்ப என்னம்மா தெரியுது?"

"சிவப்பு மட்டும்தான்."

"மூடியைக் கிழிக்கிறியா?"

"இன்னும் ரெண்டு நிமிஷம் சார். பிடிச்சிருவேன்."

ரெண்டு நிமிஷம் ஆச்சு, திரை இன்னும் சிவப்பாவே இருந்துச்சு. கடைசியில அவளே மூடியைக் கிழிச்சா.

ஈரல் சவ்வுக்கு அடியில அவரோட விரல் இருந்துச்சு. பெட்டிக்குப் பின்பக்கத் தொளை வழியா நீட்டியிருந்தார். நகத்துக்குக் கீழ கிழிஞ்சு ரத்தம் வழிஞ்சுது. இடுக்கி இன்னும் விடல.

"சார்... ஒரு சத்தம்கூடப் போடலையே."

"எஸ்தரம்மாவும் போட மாட்டாங்க. மயக்கத்துல இருப்பாங்க."

வாணி பஞ்சு எடுத்து அழுத்திப் பிடிச்சா.

"அப்ப திறந்தே பண்ணிடறேன் சார்."

மாசிலாமணி விரலையே பாத்துகிட்டு இருந்தார்.

"எங்க அண்ணனுக்கு இதே ஆபரேஷனை நான் திறந்துதான் பண்ணேன். நெஞ்சுக்குழியிலேர்ந்து தொப்புள் வரைக்கும் கோடு. எல்லாமே கண்ணு முன்னால தெரிஞ்சுது. கட்டி பெரிய ரத்தக்குழாயோட ஒட்டியிருந்ததும், தொட்டா உயிர் போகும்ங்கிறதும் தெரிஞ்சுது. 'மூடிருங்க சார்'னு நர்ஸ் சொன்னாங்க."

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"இன்னும் ரெண்டு நிமிஷம்னு சொன்னேன்."