இலைக்கு முன்னால் பூத்த பிளம் மரம்

மரமும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட காலம் அது. ஜப்பானில் ஒரு மலையடிவாரக் கோவில். அங்கே எந்த மரமும் தன் இஷ்டத்துக்குப் பூக்காது. குளிர் முடிந்ததும் கோவிலைப் பார்த்துக்கொள்ளும் இசோ என்பவள் முன்வாசல் கயிற்றைப் பிடித்து ஆட்டுவாள். மேலே மணி குலுங்கும். அதைக் கேட்ட பிறகுதான் மரங்கள் முதலில் இலை விடும், அப்புறம் பூக்கும்.

அங்கே வாழ்ந்த பச்சைச் சிட்டு ஒருத்திக்கு இது விளங்கவே இல்லை. மணி அடிக்காவிட்டால் வசந்தம் வராதா? பார்த்த மரத்தையெல்லாம் கேட்டாள். வழக்கம் அப்படி, போய் வேலையைப் பார் என்றது செர்ரி மரம்.

அந்த வருடம் பனி விடவே இல்லை. பூச்சி இல்லை, தேன் இல்லை. சிட்டின் துணைவன் மூன்று நாளாகக் கூட்டை விட்டு எழவில்லை. ஒரு வாய் தேன் கிடைத்தால் பிழைப்பான். இல்லையென்றால் இல்லை.

மணியை நானே அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். விடிந்ததும் கயிற்றைக் கவ்விக்கொண்டு தொங்கினாள், சிறகடித்து உதறினாள். மணி ஒரே ஒரு தரம் முனகியது. மரங்களில், வாசலை ஒட்டி நின்ற பிளம் மரத்துக்கு மட்டும்தான் அது கேட்டது. நேரமாகிவிட்டதே என்று பதறி, இலையை மறந்து, நேரே பூத்துவிட்டது.

சுற்றிப் பார்த்தால் எங்கும் பனி.

"உடுக்காமலே திருவிழாவுக்குக் கிளம்பிவிட்டாயே, அக்கா" என்று சிரித்தது செர்ரி.

பிளம் மரம் கூனிக்குறுகிப் பூவை மூடப் போனது. சிட்டு கிளையில் வந்து உட்கார்ந்தாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மணி அடித்தது நான்தான். நீ மூடிக்கொண்டால் என் துணைவன் செத்துப்போவான்."

மரம் மூடப்போன பூவை அப்படியே விட்டது. "நீ முன்னாலேயே கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்" என்றது. "குடித்துத் தொலை. அவனுக்கும் கொண்டு போ."

துணைவன் பிழைத்துக்கொண்டான்.

அதற்குள் மணிச் சத்தம் கேட்ட இசோ துடைப்பத்தோடு வந்து நின்றாள். சிட்டு அவளிடமும் ஒப்புக்கொண்டாள். தண்டனை வேண்டாமா? படையலுக்குக் கரைத்த அரிசிமாவை விரலில் தொட்டு, சிட்டின் கண்களைச் சுற்றி வட்டம் போட்டாள் இசோ. இனி மணிப்பக்கம் வந்தால் அடையாளம் தெரியுமாம்.

"எனக்கும் போடுங்கள். குடித்தது நானும்தானே" என்று முகத்தை நீட்டினான் துணைவன். அவனுக்கும் போட்டாள்.

அப்போதுதான் அந்த வாசனை இசோவின் மூக்கில் ஏறியது. பனிக்குள் இப்படி ஒரு வாசனையா? துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஊரையே கூட்டி வந்தாள். ஜனங்கள் கையைத் தேய்த்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். செர்ரி மரத்தை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிளம் மரம் இலைக்குக் காத்திராமல் பனியிலேயே பூப்பதும், ஊரார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதற்குத் திருவிழா எடுப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். அந்தப் பூவில் தேன் குடிக்க வரும் பச்சைச் சிட்டின் கண்ணைப் பாருங்கள். அரிசிமாவு வட்டம் இன்னும் அழியவில்லை.