கடைசிச் சண்டையில் விழுந்தவன்

கராத்தே நண்பர்கள் இருவர் அடிக்கும் கூத்தைக் காட்டும் சினிமாவின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. மறுநாளே பெரிய விமர்சகர் சந்தானகோபாலன் தம் பத்திரிகையில் அதைக் கிழித்துப் போட்டார். "கடைசிச் சண்டையில் டூப் போட்ட இருவருக்கும் விழக்கூடத் தெரியவில்லை" என்று எழுதினார். அதை வகுப்பில் யாரோ வாசித்துக் காட்ட, முனிரத்தினத்தின் மகள் அழுதுகொண்டே வீடு வந்தாள்.

குண்டு நண்பனுக்கு டூப் போட்டவர் முனிரத்தினம். ஒல்லி நண்பனுக்கு அவருடைய கூட்டாளி பிச்சாண்டி. பத்திரிகையாளர் கூட்டத்தில் பிச்சாண்டி எழுந்து, எழுதியதை மாற்றச் சொன்னார்.

"ஒரு தப்பைக் காட்டு, மாத்திடறேன்" என்று சிரித்தார் விமர்சகர். "சண்டைக்காரனுக்கு சினிமா தெரியுமாய்யா?"

"தெரியாதுங்க. கத்துக்கத்தான் கேக்கறேன். கடைசிச் சண்டையில எங்க ரெண்டு பேர்ல யார் மோசமா விழுந்தது?"

"குண்டனுக்குப் போட்டவன்தான். மாடியிலேருந்து மூட்டை மாதிரி விழுந்தான்!"

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"அது முதல் பாகம் சார். இந்தப் படம் பாதி எடுத்தப்பவே முனிரத்தினம் செத்துட்டான். வேற டூப் வைக்க மனசில்லாம, கடைசிச் சண்டையில குண்டு நண்பனைக் கட்டுப் போட்டுப் படுக்க வெச்சுட்டாங்க. நான் ஒருத்தன்தான் சண்டை போட்டேன். நீங்க இடைவேளையிலேயே எழுந்து போயிட்டீங்க."

விமர்சகர் தலைகுனிந்தார். "மன்னிப்புக் கேட்டு எழுதிடறேன்."

"மன்னிப்பு வேணாம் சார். இந்தப் படத்தோட முதல் பாதியில அவன் பதினோரு தடவை விழறான். அதை நீங்க பார்த்திருக்கீங்க. அது எப்படி இருந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க. அவன் பொண்ணு படத்தைப் பார்க்க மாட்டேங்குது. பேப்பர்ல வந்தா படிக்கும்."